வெளியே பூட்டு, உள்ளே குழந்தை

ஒரு குழந்தையைப் பற்றிப் புகார் வந்தால் முதலில் யாரைச் சந்தேகப்படுவீர்கள்? அப்பாவை. அம்மாவை. அடிக்கடி வந்துபோகும் மாமாவை. சரிதான். குடை பிடித்து உங்களைச் சந்துக்குள் அழைத்துப் போகிறவரை? நனைந்து நிற்கிறீர்களே என்று சாயா வாங்கித் தருகிறவரை? போனில் உங்கள் மேலதிகாரி சொல்லும் மிக நல்ல யோசனையை? அங்கெல்லாம் நமக்குச் சந்தேகம் வருவதில்லை. வர வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கொச்சியில் எங்கள் குழந்தைகள் பாதுகாப்பு ஆபீஸில் நீங்கள் மூன்று பேரும் புதிதாகச் சேரப்போகிறீர்கள். மட்டாஞ்சேரியிலும் தோப்பும்படியிலும் தமிழ்நாட்டிலிருந்து வந்து தங்கியிருக்கும் குடும்பங்களுக்காகத் தமிழ் தெரிந்தவர்கள் வேண்டும் என்று உங்களை எடுத்திருக்கிறார்கள். என்னையும் அதற்காகத்தான் எடுத்தார்கள். நாங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். வீட்டுக்குள் தமிழ், வாசல் தாண்டினால் மலையாளம். இந்த மாதிரிக் கட்டுரையை ஓய்வு பெற்றவர்கள் எழுதுவதுதான் வழக்கம். எனக்கு இன்னும் முப்பதுகூட ஆகவில்லை, ஒப்பந்தம் முடிந்து வேறு ஊருக்குப் போகிறேன், அவ்வளவுதான். ஆறப்போட்டால் எல்லாவற்றையும் நாகரிகமாக எழுதிவிடுவேன் என்று பயம். அதனால் இப்போதே.

எந்தக் குழுவுக்கு எந்த அறிக்கை, எத்தனை நகல் என்பதெல்லாம் பயிற்சியில் சொல்வார்கள். நான் ஒரே ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. வீட்டு விசாரணைக்குப் போனால் எனக்குத் தமிழ் தெரியும் என்று காட்டிக்கொள்ள மாட்டேன். மலையாளத்தில் கேட்பேன். யாராவது மொழிபெயர்ப்பார்கள். அந்த நேரத்தில் வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது காதில் விழும். “ஆபீஸர் முன்னாடி வாயத் தொறந்தே, தோலை உரிச்சிருவேன்” என்று ஓர் அப்பா சிரித்த முகத்தோடு மகனிடம் சொன்னதை அப்படித்தான் பிடித்தேன். கொச்சியில் வளர்ந்த நமக்கு இது சுலபம். நம் மலையாளத்தைக் கேட்டு யாரும் நம்மைத் தமிழ் என்று நினைக்க மாட்டார்கள். இது சரியா தவறா என்று கடைசியில் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மழைக்காகக் கலெக்டர் பள்ளிகளுக்கு விடுமுறை விட்ட நாள். உதவி எண்ணுக்கு யாரோ பெயர் சொல்லாமல் பேசியிருந்தார்கள். மட்டாஞ்சேரியில் பழைய மிளகுக் கிடங்குக்குப் பின்னால் வரிசையாக ஒற்றை அறைகள். கடைசி அறையில் ஒரு தமிழ்க் குடும்பம். அப்பா களமசேரியில் கட்டட வேலை, வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார். அம்மா தோப்பும்படியில் இறால் உரிக்கும் ஷெட்டுக்குப் போகிறாள்; போகும்போது பதினொரு வயதுப் பெண்ணை உள்ளே வைத்து வெளியே பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள்; குழந்தை பட்டினி. புகார் இவ்வளவுதான்.

நானும் பிந்து சேச்சியும் போனோம். பிந்து சேச்சி போலீஸ், ஆனால் குழந்தைகள் விஷயம் என்பதால் சீருடை இல்லாமல் சுடிதாரில் வந்திருந்தார். சந்து முனையிலேயே சாபு சேட்டன் குடையோடு நின்றிருந்தார். அந்த அறைகளின் உரிமையாளருக்குத் தம்பி. அவரை எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் அந்த வார்டில் குழந்தைகள் பாதுகாப்பு வகுப்பு நடத்தினால் நாற்காலி, மைக், பழம்பொரி எல்லாம் அவர் ஏற்பாடு. பேனரைக் கட்டுவதும் அவர்தான்.

“வா மோளே, பார்த்து வா, வழுக்கும்” என்று என் தலைக்குமேல் குடையை நீட்டினார். “தமிழ்நாட்டுக்காரங்க, என்ன சொல்றது? பிள்ளைங்களை ஆடு மாடு மாதிரி கட்டிப்போட்டுட்டுப் போவாங்க.” மலையாளத்தில்தான் சொன்னார். நான் தலையை ஆட்டினேன்.

கடைசி அறை. கதவில் கனமான பூட்டு. கதவை ஒட்டினாற்போல் கம்பி போட்ட ஜன்னல், உள்ளே பழைய சேலைத் துணித் திரை. பிந்து சேச்சி ஜன்னல் அருகே போய், “மோளே, பேடிக்கண்டா” என்றார். மகளே, பயப்படாதே என்று. பதில் இல்லை. நானும் மலையாளத்தில் கூப்பிட்டுப் பார்த்தேன். உள்ளே ஏதோ நகர்ந்தது. அதன் பிறகு சத்தமே இல்லை.

“பூட்டை உடைச்சிடலாமா சாபு?” என்றார் பிந்து சேச்சி.

“எதுக்கு உடைக்கணும்?” என்றார் சாபு சேட்டன். “அந்தப் பிள்ளைக்குத் தமிழ்தான் வரும். நான் பேசறேன். எனக்கு நல்லா வரும், எத்தனை வருஷமா தமிழ்க்காரங்களுக்கு வாடகைக்கு விடறோம்.”

இதற்குள் கடையிலிருந்து மூன்று சாயாவும் வந்துவிட்டது. அவர் சொல்லி அனுப்பியிருந்தார். பிந்து சேச்சிக்கு அப்போது ஸ்டேஷனிலிருந்து போன். சாயாவோடு பக்கத்து இறவாரத்தின் கீழ் ஒதுங்கினார்.

சாபு ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு தமிழில் சொன்னார்: “ரேவதி, சாவியைக் குடுத்துடு. இந்தத் தடவை ஆபீஸரே வந்திருக்காங்க. இனிமே உங்கம்மாவால ஒண்ணும் பண்ண முடியாது.”

உள்ளேயிருந்து ஒரு வார்த்தைகூட வரவில்லை.

அவர் என் பக்கம் திரும்பி மலையாளத்தில் சொன்னார்: “பாவம் மோளே. நேத்து ராத்திரியிலிருந்து ஒண்ணும் சாப்பிடலையாம். அம்மா அடிப்பாளாம். கூட்டிட்டுப் போங்கன்னு அழுதுச்சு.”

குழந்தை வாயே திறக்கவில்லை. நான் கேட்டுக்கொண்டுதானே நின்றேன்.

அந்தச் சில நொடிகளில் என் மண்டைக்குள் ஓடியதை வரிசையாகச் சொல்கிறேன். அம்மா சாவியை எடுத்துக்கொண்டு போனதாகப் புகார். இவரோ குழந்தையிடம் சாவி கேட்கிறார். அப்படியானால் சாவி உள்ளே இருக்கிறது, இவருக்கு அது தெரியும். “இந்தத் தடவை” என்கிறார். அப்படியானால் முன்பும் கேட்டிருக்கிறார், கிடைக்கவில்லை. சாவி உள்ளே இருக்கிற குழந்தையிடமே இருந்தால் அந்தப் பூட்டு யாருக்காக?

முகத்தில் எதுவும் தெரியக் கூடாது. சாயாவை ஒரு வாய் குடித்தேன். இஞ்சி போட்ட நல்ல சாயா, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்போதுதான் மேடம் போன் செய்தார். மேடம் என்றால் என் மேலதிகாரி. கெட்டிக்காரர், நேர்மையானவர், தலைக்குமேல் வேலை. நிலைமையைச் சுருக்கமாகச் சொன்னேன். பக்கத்தில் சாபு நின்றதால் சந்தேகத்தைச் சொல்லவில்லை.

“சாபுவா அங்கே இருக்கார்? அப்ப நல்லதாப் போச்சு” என்றார் மேடம். “அவரையே பொறுப்பாளரா போட்டுடு. அம்மா வேலைக்குப் போறப்ப சாவி அவர்கிட்ட இருக்கட்டும். ஒரு கையெழுத்து வாங்கிட்டு வா. அதுவும் முடியாதுன்னா சாயங்காலத்துக்குள்ள குழந்தையை அரசு ஹோம்ல விட்டுடணும், ராத்திரி ஏதாவது ஆச்சுன்னா பத்திரிகையில நம்ம பேர்தான் வரும்.”

இது நம் வேலையில் தினமும் நடப்பது. நீங்களும் செய்வீர்கள். பெற்றோர் வேலைக்குப் போகிற வீடென்றால் பக்கத்தில் பொறுப்பான ஒருவரைப் பிடித்து, பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கையெழுத்து வாங்கிவிட்டு வந்துவிடுவோம். பொறுப்பானவர் யார்? பகலில் வீட்டில் இருப்பவர், நமக்குத் தெரிந்தவர், நாம் வந்ததும் ஓடிவருகிறவர். சாபுவுக்கு எல்லாத் தகுதியும் இருந்தது. அந்தக் குழந்தை தன் கையில் இறுக்கி வைத்திருந்த சாவியை, அரசு முத்திரையோடு நானே அவரிடம் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார் மேடம்.

போனில் பேசியது சாபு காதிலும் விழுந்திருக்க வேண்டும். “நான் ரெடி மோளே. ஒரு சேவைதானே” என்றார்.

“சந்தோஷம் சேட்டா. உங்க ஆதார் நகல் ஒண்ணு வேணுமே.”

“இந்த மழையிலயா?”

“என்ன செய்ய, ஆபீஸ் அப்படி. ரெண்டு பக்கமும் எடுத்துட்டு வாங்க.”

குடையை விரித்துக்கொண்டு உற்சாகமாகப் போனார். சந்து திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஜன்னலுக்குப் போனேன். தமிழில் கூப்பிட்டேன்.

“ரேவதி, அவர் போயாச்சு. நான் மட்டும்தான் இருக்கேன். கதவைத் திறக்கவே வேண்டாம். பேசினாப் போதும்.”

திரை கொஞ்சம் விலகியது. ஒரு கண்.

“நீங்க தமிழா, மலையாளமா?”

“ரெண்டும்.”

“இவ்வளவு நேரம் மலையாளம்தான பேசுனீங்க?”

“ஆமா.”

“ரெண்டும் பேசுறவங்கள எப்படி நம்புறது? அவரும் ரெண்டும்தான் பேசுவாரு.”

 அடையாள அட்டையைக் காட்டினேன். போட்டோவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “இதுல குண்டா இருக்கீங்க” என்றாள். பிறகு, “அங்க போன்ல பேசுறாங்களே, அவங்க போலீஸா?”

“ஆமா. உனக்கு எப்படித் தெரியும்?”

“நிக்கிறதப் பார்த்தாலே தெரியுது. அவங்க சாபு அண்ணனுக்குத் தெரிஞ்சவங்களா? வந்ததும் பேரு சொல்லிக் கூப்பிட்டு, டீ வாங்கிக் குடிச்சாங்களே?”

நானும்தான் குடித்தேன். அதையும் பார்த்திருப்பாள்.

சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு, இட்லி இருக்கிறது, மதியத்துக்குச் சோறும் இருக்கிறது என்றாள். பூட்டைப் பற்றிக் கேட்டேன். உள்ளே தாழ்ப்பாள் ஆடிக்கொண்டிருக்கிறது, வெளியிலிருந்து கதவைத் தள்ளினாலே விழுந்துவிடும். சரிசெய்து தரும்படி அம்மா எத்தனையோ முறை கேட்டும் சாபு அண்ணன் செய்யவில்லை. அம்மா இல்லாத ஒரு நாள் அப்படித் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். “நான் கத்துனேன். போயிட்டாரு. அப்புறம்தான் அம்மா பூட்டு வாங்குச்சு.” வெளியே பூட்டு தொங்கினால் ஆள் இல்லை என்று நினைப்பார்கள். சாவி அவளிடம். தீப்பிடித்தாலோ வேறு ஏதாவது ஆனாலோ ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவளே திறந்துகொள்ளலாம். பெரியவர்கள் கை அந்தக் கம்பிக்குள் போகாது.

நல்ல ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். நெருக்கமான சந்து, கேஸ் சிலிண்டர், பதினொரு வயது. ஆனால் இறால் ஷெட்டில் நாள்கூலிக்குப் போகிற ஒரு பெண், தாழ்ப்பாளும் கிடைக்காத இடத்தில், கைக்கு எட்டியதை வைத்துச் செய்த ஏற்பாடு அது. புகாரில் வந்தபோது கொடுமையாக இருந்தது. ஜன்னலருகே நின்று பார்த்தால் வேறு மாதிரி இருந்தது.

“சாவியை என்கிட்டயாவது தருவியா?”

“அம்மா வரட்டும்.”

அந்தக் குழந்தை செய்ததுதான் சரி. அன்றைக்கு அங்கே நின்ற எல்லோரிலும் ஒழுங்காகச் சந்தேகப்பட்டவள் அவள்தான்.

பிந்து சேச்சி போனை முடித்துவிட்டு வந்தார். அவரிடம் சொல்லலாமா கூடாதா? சாபுவை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டது எனக்கும் உறுத்தியது. சொல்லாமல் விட்டால் என்னால் ஒரு அடி நகர முடியாது. சுற்றிவளைக்கத் தெரியாமல் நேராகவே கேட்டேன்.

“சேச்சி, இந்த ஆளை எத்தனை நாளாத் தெரியும்?”

“ஏன்? மீட்டிங்ல பார்த்திருக்கேன். உன்னை மாதிரிதான்.” சட்டென்று நிறுத்தினார். “நீ என்னையா சந்தேகப்படறே?”

“ஆமா சேச்சி.”

முகம் சிவந்துவிட்டது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். தம்ளரில் மீதியிருந்த சாயாவைச் சாக்கடையில் கொட்டினார். “சொல்லு” என்றார். சொன்னேன். ஒருமுறைகூடக் குறுக்கே பேசவில்லை.

“இப்ப அவனைப் பிடிச்சா மழுப்பிடுவான். பிள்ளையும் மிரண்டுடும். அம்மா வரணும். நான் ஜீப்பில் போய்க் கூட்டிட்டு வரேன். நீ இந்த ஜன்னலை விட்டு நகராதே, அவன் என்ன சொன்னாலும்.”

அவர் போனதும் சாபு வந்துவிட்டார். பிளாஸ்டிக் உறைக்குள் நகலைப் பத்திரமாக வைத்திருந்தார். வாங்கிக்கொண்டேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்றார். மேடம் ஒரு திருத்தம் சொல்லியிருக்கிறார், காத்திருக்க வேண்டும் என்றேன். படியில் உட்கார்ந்து, மட்டாஞ்சேரி முன்பு எப்படி இருந்தது, வெளியூர்க்காரர்கள் வந்து எப்படி ஆகிவிட்டது என்று பேச ஆரம்பித்தார். நான் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

உள்ளேயிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது: “அக்கா, அவரு வந்துட்டாரா?”

பேச்சு நின்றது. சாபு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“மோளுக்குத் தமிழ் தெரியுமா?”

“வீட்டில் அதுதான் சேட்டா.”

 சிரித்தார். முன்பைவிட மென்மையாகப் பேசினார். “சின்னப் பிள்ளைங்க என்னென்னவோ சொல்லும். இவங்க வாடகைக்கு இருக்கிறவங்க, பேப்பர் ஒண்ணும் கிடையாது. நாளைக்கே காலி பண்ணுன்னு அண்ணன் சொன்னா எங்கே போவாங்க? மோளும் காண்ட்ராக்ட் வேலைதானே? யோசிச்சு எழுது.”

மேடம் மறுபடி போன் செய்தார். கையெழுத்து ஆயிற்றா என்று கேட்டார். என்ன சொல்ல? எனக்குத் தெரிந்த இரண்டு மொழியும் அந்த ஆளுக்கும் தெரியும். “வந்து சொல்றேன் மேடம்” என்று வைத்துவிட்டு வாட்ஸ்அப்பில் ஒரே வரி அனுப்பினேன்: சாவியைக் கேட்கிற ஆளுக்குப் பயந்துதான் பூட்டு. மேடத்திடமிருந்து பதில் வரவில்லை.  

நம் வேலையில் கதவை உடைப்பதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் சுலபம். அதற்கு வண்டி, ஆள், ஆணை எல்லாம் இருக்கிறது. ஒன்றும் செய்யாமல் ஒரு ஜன்னலை மறைத்துக்கொண்டு நிற்பதற்கு யாரும் ஆணை தர மாட்டார்கள். அன்றைக்கு நான் செய்த வேலை அதுதான்.

ஜீப் சந்துக்குள் வராது. ரேவதியின் அம்மா பேச்சியம்மாள் மழையில் ஓடிவந்தாள். இறால் உரித்து ஊறிப்போன வெள்ளை விரல்கள், இடுப்பில் இன்னும் ரப்பர் ஏப்ரன். என்னைப் பார்க்கவே இல்லை. ஜன்னலுக்குப் போனாள்.

“உள்ள வந்தாங்களா யாரும்?”

“இல்லம்மா. நான் குடுக்கல.”

மெலிந்த கை ஒன்று கம்பி வழியாக வெளியே வந்து, வளைந்து, பூட்டைத் தேடித் திறந்தது. பழகிய கை. பிந்து சேச்சி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சாபுவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். சாபு அங்கிருந்து நகர நினைத்திருந்தாலும் முடிந்திருக்காது.

ரேவதி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும், அறைக்குள் என் முறை வந்தது. நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் போல. பேச்சியம்மாள் மகளைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு கேட்டாள்: “தமிழ் தெரிஞ்சுக்கிட்டே தெரியாத மாதிரி நின்னீங்களாமே?”

“அந்த ஆள் என்ன சொல்றார்னு கேட்கத்தான்மா.”

“அது உங்களுக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்? அவனும் முதல்ல உங்க அண்ணன் மாதிரின்னுதான் வந்தான். தண்ணி பிடிச்சுக் குடுத்தான், ரேஷனுக்கு எழுதிக் குடுத்தான்.”

“நான் அவர் இல்லை.”

“அதான் கேக்குறேன், எப்படித் தெரியும்?”

 தந்திரத்தை விட்டுவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகும் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் குழந்தை கேட்கும்முன் நானே சொல்லிவிடுகிறேன்: இவ்வளவு நேரம் மறைத்தேன், இதற்காக மறைத்தேன் என்று.

புகார் கொடுக்கப் பேச்சியம்மாள் ஒப்புக்கொள்ளவில்லை. “காலையில கேஸ் குடுத்தா சாயங்காலம் சாமான் ரோட்டுல கிடக்கும். புள்ளைய மட்டும் தனியா ஹோமுக்கு அனுப்புவீங்க. அதுக்கு நான் பூட்டிக்கிட்டே இருந்துக்கிறேன்.” அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நம் வழக்கப்படி நடந்திருந்தால் அதுதான் நடந்திருக்கும். மேடத்துக்குப் போன் செய்தேன். இந்த முறை சாபு காதில் விழும் தூரத்தில் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.  “அம்மாவையும் சேர்த்துக் கூட்டிட்டு வா” என்றார். “ரெண்டு பேரும் ஒரே இடத்தில் இருக்கிற மாதிரி நான் குழந்தைகள் நலக் கமிட்டிகிட்ட பேசிக்கிறேன்.” பேசினார், சண்டையே போட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அம்மாவும் மகளும் பெண்கள் காப்பகத்தில் சேர்ந்தே இருந்தார்கள். அதன் பிறகுதான் பேச்சியம்மாள் புகாருக்குச் சம்மதித்தாள். அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ரேவதி வாக்குமூலம் கொடுத்தாள். வழக்கு நடக்கிறது. சாபு ஜாமீனில் இருக்கிறார். பெயர் சொல்லாமல் போன் செய்தது அவர்தானா என்பது இன்னும் உறுதியாகவில்லை; எங்களை வைத்தே சாவியை வாங்கப் பார்த்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இனி, பொறுப்பான பக்கத்து வீட்டுக்காரர் என்று யார் பெயரையாவது எழுதுவதற்கு முன், அவர் இல்லாத இடத்தில் அம்மாவிடம் கேளுங்கள், குழந்தையிடம் கேளுங்கள். நமக்கு நாற்காலி போடுகிறவர் என்பது ஒரு தகுதி இல்லை.

குடும்பம் இப்போது சுள்ளிக்கலில் இருக்கிறது. தொடர் விசாரணை உங்கள் பொறுப்பு. கொஞ்சம் கூடுதலாக நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள். பேச்சியம்மாள் உங்களை வாசலிலேயே நிறுத்துவாள். யார் அனுப்பினது, ஏன் இன்றைக்கு, கூட வந்திருப்பது யார், மகளிடம் என்ன கேட்கப் போகிறீர்கள், எல்லாம் கேட்பாள். அவசரம் என்று அட்டையைத் தூக்கிக் காட்டாதீர்கள். சிரித்துச் சமாளிக்காதீர்கள், சிரிக்கிறவர்களை அவளுக்குப் பிடிக்காது.

போன வாரம் விடைபெறப் போயிருந்தேன். எத்தனையோ முறை போன வீடு. அப்போதும் வாசலில் நிறுத்திக் கேட்க ஆரம்பித்தாள். உள்ளேயிருந்து ரேவதி கத்தினாள்: “அம்மா, அந்த அக்காதான, விடேன்!”

“நீ சும்மா இரு. அவங்கதான்னு எனக்கும் தெரியும்” என்றாள் பேச்சியம்மாள், என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “இருந்தாலும் கேக்கணும்.”

கேட்டாள். நான் வாசலில் நின்றே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.